ரத்தக்கட்டி என்ற சொல்

எங்கள் பக்கத்தில் தலைக்குள் வருவது எதுவானாலும் கட்டி என்று சொல்லி முடித்துவிடுவார்கள். தெலுங்கில் கட்ட. ரத்தத்தைச் சேர்த்துச் சொன்னால் தமிழில் ரத்தக்கட்டி, தெலுங்கில் நெத்துரு கட்ட. இரண்டு மொழியிலும் ஜனங்கள் மனதில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ அடிபட்டு ரத்தம் உறைந்து நிற்கிறது, மாத்திரை போட்டால் கரைந்துவிடும். முப்பத்தாறு வருஷம் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவன் நான். ஸ்கேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு, "ரத்தக்கட்டிதானாம், கரைஞ்சிடுமாம்" என்று ஊருக்குப் போன் பேசுகிற எத்தனையோ பேரை வராந்தாவில் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொன்னது அதுவாக இருக்காது. ரத்தக்குழாயிலிருந்தே முளைத்த கட்டி என்று சொல்லியிருப்பார். உறைந்த ரத்தம் நின்றுபோன ரத்தம். இந்தக் கட்டியிலோ ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே கொண்டுவரத் தமனி, வெளியே கொண்டுபோகச் சிரை, நடுவில் பஞ்சுபோல நுண்குழாய்கள். என்னவென்று தெரியாமல் அதில் கத்தி வைத்தால் மேசையிலேயே உயிர் போகும்.

அபூர்வமான கட்டிகள்தான். இவற்றில் ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா என்பதை நான் அதிகம் அறிவேன். பெரியவர்களுக்கு மூளையில் வரும் கட்டிகளில் நூற்றுக்கு இரண்டு இருக்கும். பெரும்பாலும் பின்னந்தலையில், சிறுமூளையில் வரும். அதை நான் அறிந்தது வேலையால் மட்டும் இல்லை.

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் பிறந்தேன். அப்பா வெல்ல மண்டியில் கணக்கு எழுதினார். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. 1911 வரை சித்தூர்தான் வட ஆற்காடு மாவட்டத்துக்கே தலைநகரம். அந்த வருஷம் சித்தூர் தனி மாவட்டமானது. வட ஆற்காட்டுக் கச்சேரிகள் வேலூருக்குப் போயின. 1953-ல் ஆந்திரம் பிரிந்தது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, நாங்கள் இந்தப் பக்கமே இருந்துவிட்டோம். கோடு எப்படி மாறினாலும் உடம்புக்குப் பெரிதாக ஏதாவது வந்தால் போகிற திசை ஒன்றுதான். காட்பாடி ரோட்டில் 35 கிலோமீட்டர். கிறிஸ்டியன்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டினால் வேலூர் வந்த மாதிரி. தெலுங்குக்காரர்கள் இன்றும் ராயவேலூர் என்றுதான் சொல்வார்கள்.

அம்மா 1959-ல் போனாள். அவளுக்கு முப்பத்து நாலு வயது, எனக்கு எட்டு. விடியற்காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். குமட்டல்கூட இல்லாமல் சட்டென்று வாந்தி வரும். போகப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். காணிப்பாக்கம் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டோம். திருமலைக்கு நேர்ந்துகொண்ட முடியைக் கொடுக்காமல் விட்டதுதான் காரணம் என்று பாட்டி சொன்னாள். கடைசி ஒரு மாதம் கண் தெரியவில்லை. அந்த 1959-ல் எங்கள் வீட்டிலிருந்து 35 கிலோமீட்டரில் இந்தியாவின் முதல் மூளை அறுவைச் சிகிச்சைத் துறை பத்து வருஷமாக நடந்துகொண்டிருந்தது. எங்களுக்குத் தெரியாது. தலையைத் திறந்து பார்க்க ஒரு டாக்டர் உண்டு என்று சொல்லியிருந்தால் பாட்டி நம்பியிருக்கவும் மாட்டாள்.

அந்தத் துறையைத் தொடங்கியவர் ஜேக்கப் சாண்டி. 1910-ல் பிறந்த கோட்டயத்துக்காரர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு பஹ்ரைனில் மிஷன் ஆஸ்பத்திரியில் பால் ஹாரிசன் என்ற டாக்டரிடம் வேலை பார்த்தார். அங்கிருந்து அமெரிக்கா போய், பிறகு கனடாவில் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் மூளை அறுவை கற்றார். 1949-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தபோது இந்த வித்தைக்கென்று நாட்டில் ஒரு துறைகூட இல்லை. மறு வருஷம் சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். 1951-ல் இவர்கள் இருவரும், நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங், மூளையின் மின்னலைகளைப் படித்த எஸ்.டி. நரசிம்மன் என்று மொத்தம் நாலு பேர் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை அமைத்தார்கள். இன்று ஆயிரக்கணக்கானவர் உள்ள தொழில் இது. நாலு பேரில் தொடங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

சாண்டி வேலூருக்கு வந்தபோது ரத்தக்குழாய்க் கட்டிகளைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல், 1926 முதல் 1928 வரை மூன்றே வருஷத்தில் தெரிந்தது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

1926-ல் ஸ்வீடன் தேசத்தில் அர்விட் லிண்டாவ் என்ற நோய்க்கூறு மருத்துவர் சிறுமூளையில் வரும் நீர்ப்பைகளை ஒன்றுவிடாமல் சேகரித்துப் பார்த்தார். கோழிமுட்டை அளவுக்குப் பை. உள்ளே மஞ்சள் நீர். பையின் சுவரில் ஒரு மூலையில் பட்டாணி போலச் சின்னதாக ஒரு முடிச்சு. அந்த முடிச்சு முழுக்க ரத்தக்குழாய். நோய் அதில்தான் இருக்கிறது, பை அதன் கசிவு என்று கண்டார். இந்த நோயாளிகளில் சிலருக்குக் கண்ணின் விழித்திரையிலும் இதே மாதிரி முடிச்சு இருந்தது. கண் முடிச்சை ஜெர்மனியில் ஓய்கன் ஃபான் ஹிப்பல் என்ற கண் மருத்துவர் 1904-லேயே எழுதிவைத்திருந்தார். கண்ணில் வருவதும் சிறுமூளையில் வருவதும் ஒரே வியாதி, அது குடும்பத்தில் ஓடுகிறது என்பது லிண்டாவ் போட்ட முடிச்சு.

அதே 1926, அக்டோபர் 1. அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் மூன்று நாள் முன்பு ஒருவருடைய மண்டையில் வளர்ந்த ரத்தம் மிகுந்த கட்டியை எடுக்கப் போய், ரத்தம் நிற்காமல் பாதியில் மூடிவிட்டு வந்திருந்தார். வில்லியம் போவி என்ற இயற்பியல்காரர் மின்சாரத்தால் தசையை அறுக்கவும் ரத்தத்தை நிறுத்தவும் ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். குஷிங் அவரையும் பெட்டியையும் வரவழைத்து அதே கட்டியைத் திரும்பத் திறந்து எடுத்தார். இன்று எந்தத் தாலுகா ஆஸ்பத்திரி தியேட்டரில் கேட்டாலும் காட்டரி என்று எடுத்துக் கொடுப்பார்களே, அது மூளை அறுவைக்கு வந்த நாள் அது. 1928-ல் குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் மூளை ரத்தக்குழாய்க் கட்டிகளுக்கென்றே ஒரு புத்தகம் போட்டார்கள். பிறவியிலேயே பின்னிப்போன குழாய்கள் வேறு, கட்டியாக வளர்பவை வேறு என்று அதில் பிரித்தார்கள்.

நடுவில் 1927. போர்த்துகலில் எகாஸ் மோனிஸ் கழுத்துத் தமனியில் சாயம் செலுத்தி மண்டைக்குள் ஓடும் ரத்தத்தை எக்ஸ்ரேயில் பிடித்தார். என் தொழில் அங்கே தொடங்குகிறது. அதற்கு முன்னால் மண்டையில் துளை போட்டு, மூளை அறைகளில் இருக்கும் நீரை எடுத்துவிட்டுக் காற்றை ஊதிப் படம் எடுப்பார்கள். 1918-ல் வால்டர் டாண்டி கண்ட வழி. காற்றுப் படத்தில் அறை நகர்ந்திருப்பது தெரியும். எங்கோ ஒரு கட்டி தள்ளுகிறது என்று தெரியும். அது ரத்தக்குழாய்க் கட்டியா வெறும் கட்டியா என்பது தெரியாது. மண்டையைத் திறந்த பிறகுதான் தெரியும். நான் இந்தத் தொழிலில் இருந்து புரிந்துகொண்ட ஒரே விஷயம், இந்தக் கட்டிகளின் சரித்திரம் முழுக்க அந்த ஒரு இடைவெளியைச் சுருக்கப் பாடுபட்ட சரித்திரம் என்பதுதான். திறப்பதற்கு முன்னால் தெரிய வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் அது தெரிவதற்கு இன்னொரு தடையும் இருந்தது. காசநோய். அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் என்ற இடம் உண்டு. 1912-ல் கிறிஸ்டியன் ஃப்ரிமோட் மோலர் என்ற டேனிஷ் டாக்டர் தொடங்கிய காசநோய் சானடோரியம் அங்கேதான். தென்னிந்தியா முழுக்க இருந்து ஆட்கள் வந்து மாதக்கணக்கில் தங்குவார்கள். நுரையீரலில் வரும் அந்த நோய் மூளையிலும் கட்டியாக வரும். மேல்நாட்டில் அரிதாகிப்போன காசநோய்க் கட்டி, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வேலூரிலும் சென்னையிலும் திறந்த மண்டைகளில் பெரும் பங்கு எடுத்துக்கொண்டது. அதனால் சிறுமூளையில் கட்டி என்றால் எங்கள் டாக்டர்களுக்கு முதலில் தோன்றுவது டி.பி. பல தடவை அது சரியாகவும் இருக்கும். அவர்களைக் குற்றம் சொல்லத் தோன்றவில்லை.

ஆனால் என் அக்காவுக்கு அது டி.பி. இல்லை.

1976-ல் அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஆறு வயதில் ஒரு பையன். அம்மாவுக்கு வந்த அதே தலைவலி, அதே சுவரைப் பிடித்த நடை. ஒரு டாக்டர் டி.பி. என்று சொல்லி ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார், ஆறு மாதம். ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 17.5 இருந்தது. "நல்ல ரத்தம்மா உனக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். டி.பி. வந்த பெண்ணுக்கு ரத்தம் குறையத்தான் குறையும், இப்படி ஏறாது என்று யாருக்கும் உறைக்கவில்லை, எக்ஸ்ரே படித்துவிட்டு வந்திருந்த எனக்கும்தான். ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா சில பேருக்கு எரித்ரோபாயட்டின் என்ற பொருளைச் சுரக்கும். எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு செய்யச் சொல்லித் தூண்டுகிற பொருள் அது. நோய் தானே தன் விலாசத்தை எழுதிக் கொடுத்திருந்தது.

1977-ல் ஒரு பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் பின்னந்தலையைத் திறந்தார்கள். பெயர் வேண்டாம். நீர்ப்பையை உறிஞ்சி எடுத்தார்கள். விளக்கெண்ணெய் நிறம்; குழாயில் எடுத்து வைத்த நீர் கொஞ்ச நேரத்தில் தானாகவே உறைந்துபோயிற்று என்று சொன்னார்கள். பட்டாணியைத் தேடவில்லை. லிண்டாவ் எழுதி ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. அக்கா எழுந்து நடந்தாள், தலைவலி போயிற்று, வீட்டில் பொங்கல் வைத்தோம். ஐந்தாவது வருஷம் பை திரும்ப நிறைந்தது.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். சென்னையில் பர்னார்டு இன்ஸ்டிட்யூட்டில் எக்ஸ்ரே தொழில் படித்தேன். 1934-ல் தொடங்கிய பழைய நிலையம் அது. மோனிஸ் வழியில் சாயம் செலுத்தி எடுக்கும் அந்தக் காலத்து ஆஞ்சியோகிராம் இன்றைய பிள்ளைகளுக்குக் கதை மாதிரி இருக்கும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, தோளுக்கு அடியில் மணல் மூட்டை வைத்து, கழுத்தைப் பின்னால் சாய்ப்போம். டாக்டர் இரண்டு விரலால் கழுத்துத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு நேராகத் தமனியிலேயே குத்துவார். சிவப்பு ரத்தம் பீச்சியடித்தால் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது. தலைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. அதில் மூன்று கேசட், ஒன்றின் மேல் ஒன்று, நடுவில் ஈயத் தகடு. டாக்டர் எட்டு மில்லி யூரோகிராஃபின் சாயத்தை ஒரே மூச்சில் அழுத்துவார். அவர் "ம்" என்றதும் முதல் எக்ஸ்போஷர். நான் மேல் கேசட்டை உருவி இழுப்பேன். இரண்டாவது. உருவு. மூன்றாவது. மொத்தம் ஆறு ஏழு செகண்டு. முதல் படத்தில் தமனி, இரண்டாவதில் நுண்குழாய், மூன்றாவதில் சிரை. ஒரு செகண்டு தாமதமானால் இரண்டாவது படம் வீண். மறுபடி அந்த மனிதருக்குச் சாயம் ஏற்ற வேண்டும். சாயம் போகும்போது முகத்தில் பாதி நெருப்பு வைத்த மாதிரி எரியும் என்று அவர்கள் சொல்வார்கள். அதனால் என் கை தாமதிக்கக் கூடாது.

பிறகு இருட்டறை. டெவலப்பரில் ஆட்டி, தண்ணீரில் அலசி, ஹைப்போவில் போடுவேன். காயக்கூட விடமாட்டார்கள். சொட்டச் சொட்ட ஈரப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினால் டாக்டர்கள் சுற்றி நிற்பார்கள். இரண்டாவது படத்தைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். சாதாரண மூளையில் அந்தப் படம் வெறும் புகை மாதிரி இருக்கும். ரத்தக்குழாய்க் கட்டி இருந்தால் அங்கே மட்டும் சுண்ணாம்பு அப்பிய மாதிரி வெள்ளையாக ஒரு உருண்டை. ப்ளஷ் என்பார்கள். அதைப் பார்த்ததும் பெரிய டாக்டர் திரும்பி, எத்தனை பாட்டில் ரத்தம் தயாராக இருக்கிறது என்று கேட்பார். அந்தக் கேள்வி படத்தைப் பார்த்த பிறகு வருகிறதே, மண்டையைத் திறந்த பிறகு வரவில்லையே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறையும்.

1982-ல் அக்காவை வேலூருக்குக் கொண்டுபோனோம். அதற்குள் கழுத்தில் குத்துவது குறைந்து, தொடைத் தமனி வழியாக வளையும் குழாயை மேலே செலுத்துகிற முறை நம் ஊருக்கும் வந்துவிட்டது. ஸ்வீடன்காரர் செல்டிங்கர் 1953-ல் சொன்னது. சிறுமூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனியை அப்படித்தான் பத்திரமாகப் பிடிக்க முடியும். சி.டி.யும் எடுத்தார்கள். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் அந்த மெஷின் 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் பார்த்தது. எழுபதுகளின் கடைசியில் இந்தியாவுக்கு வரத் தொடங்கியது. சி.டி.யில் பை கறுப்பாகத் தெரிந்தது. ஆஞ்சியோகிராமில், பையின் கீழ்ச் சுவரில், பட்டாணி தெரிந்தது. அந்தப் பிலிம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. இந்த முறை பட்டாணியை எடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 13-க்கு இறங்கியது. வீட்டில் எல்லோரும் ரத்தம் குறைந்துவிட்டதே என்று பதறினார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்தது.

எப்படி எடுப்பார்கள் என்பதைப் பல வருஷம் கழித்து என் கண்ணாலேயே பார்த்தேன். அப்போது திருப்பதியில் வேலை. சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்குப் போயிருந்தேன். மைக்ராஸ்கோப்பில் டாக்டர் பார்ப்பது டிவியில் தெரிந்தது. பழுத்த இலந்தைப் பழத்தின் நிறம். அதைச் சுற்றி நூல் நூலாகக் குழாய்கள், எல்லாமே சிவப்பு. சிரை என்றால் கருநீலமாக இருக்க வேண்டும். இந்தக் கட்டியில் தமனி ரத்தம் அப்படியே பாய்ந்து சிரையில் கொட்டுவதால் சிரையும் சிவந்து கிடக்கிறது, எது எது என்று பிரிக்க முடியாது. டாக்டர் கட்டியைத் தொடவே இல்லை. மற்றக் கட்டிகளை நடுவில் குடைந்து சின்னதாக்கிவிட்டு எடுப்பார்கள். இதைக் குடைந்தால் முடிந்தது. ஓரமாகவே சுற்றி வந்தார். பைபோலார் என்ற இடுக்கியால் ஒரு நூலைப் பிடித்து, சுருக்கி, வெட்டி, பக்கத்தில் நனைந்த பஞ்சு. நர்ஸ் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் போயிருக்கும். யாரும் பேசவில்லை. திடீரென்று அந்தப் பெரிய சிவப்புச் சிரை டிவியில் நிறம் மாறியது. கத்தரிப்பூவாகி, பிறகு கருநீலம். உள்ளே வருகிற வழியெல்லாம் அடைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் டாக்டர் சிரையை வெட்டினார். சிரையை முதலில் வெட்டியிருந்தால் வெளியேற வழியில்லாமல் கட்டி வீங்கி வெடித்திருக்கும். கடைசியில் ஸ்பூனால் எடுத்தது மாதிரி அது முழுசாக வெளியே வந்தது.

திருப்பதி என்றேன். எங்கள் ஜனங்கள் வேலூரையே நம்பியிருந்த நிலை மாறியது ஸ்விம்ஸ் வந்த பிறகு. ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தைத் தேவஸ்தானம் கட்டியது, 1986-ல் என்.டி. ராமாராவ் அடிக்கல் நாட்டினார், 1993-ல் திறந்தது. அதற்கு முன் 1960-களிலிருந்து ருயா அரசு மருத்துவமனை உண்டு. 2007-ல் ஆரோக்யஸ்ரீ திட்டம் வந்ததும் வெள்ளை ரேஷன் கார்டு வைத்திருப்பவர் தலை ஆபரேஷனுக்கு நிலத்தை அடகு வைக்க வேண்டிய தேவை குறைந்தது. எங்கள் மண்டித் தெருவில் தலை ஆபரேஷன் என்ற சொல்லுக்கு வீடு போகும் என்றே அர்த்தமாக இருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. அந்தத் திட்டத்தைப் பற்றி யார் என்ன குறை சொன்னாலும் நான் கேட்கமாட்டேன்.

திருப்பதியில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் திரும்பமாட்டார்கள். தெருவில் போகிறவரில் பாதிப் பேர் மொட்டை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவரும், மலையிலிருந்து இறங்கி வருகிறவரும் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார்கள். பின்னந்தலைத் தையலைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஒரு பெண்ணுக்கு முந்தின ராத்திரி வார்டில் முடி எடுத்தபோது அவளுடைய தாய் மஞ்சள் துணியை விரித்து ஒரு மயிர்கூட விடாமல் பிடித்துக்கொண்டாள். முடிந்து வைத்து, பொண்ணு பிழைத்ததும் மலைமேல் முடிகாணிக்கை செலுத்தும் கல்யாணகட்டாவில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொன்னாள். என் பாட்டி சொன்ன அந்த நேர்த்திக்கடன் பேச்சு எனக்குப் பல வருஷம் கோபமாகவே இருந்தது. அன்றைக்கு அந்த முடிச்சை வாங்கி அந்த அம்மா திரும்பி வருகிறவரை என் மேசை டிராயரில் வைத்திருந்தேன்.

ரத்தத்துக்கு அலைந்த கதை தனி. சொந்தக்காரர்கள் கொடுக்கப் பயப்படுவார்கள். காசுக்கு ரத்தம் விற்கிறவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள், சோகை பிடித்த முகத்தோடு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998 ஜனவரியிலிருந்து அது நின்றது. இப்போது ஆபரேஷனுக்கு ஓரிரு நாள் முன்பே குழாய் வழியாகத் துகள்களை அனுப்பிக் கட்டிக்குப் போகும் தமனியை அடைத்துவிடுகிறார்கள். எல்லாக் கட்டிக்கும் முடியாது. முடிகிற இடத்தில் பாட்டில் கணக்கு பாதியாகிறது.

இதே வகையில் இன்னொரு கட்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குப் பெயர் மாறிக்கொண்டே வந்தது. மூளை உறையில் ஒட்டிக்கொண்டு வரும், மெனிஞ்சியோமா என்ற உறைக்கட்டி மாதிரியே இருக்கும், ஆனால் அதைவிடப் பல மடங்கு ரத்தம் கொட்டும். குஷிங் காலத்தில் அதை மெனிஞ்சியோமாவிலேயே ஒரு வகை என்றார்கள். 1942-ல் ஸ்டவுட், மர்ரே என்ற இரண்டு பேர் உடம்பின் மற்ற இடங்களில் ரத்தக்குழாயைச் சுற்றியிருக்கும் பெரிசைட் செல்லிலிருந்து வரும் கட்டி என்று ஹெமாஞ்சியோபெரிசைட்டோமா என்ற பெயரை வைத்தார்கள். மண்டைக்குள் வருவதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2013-ல் இரண்டு ஜீன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற பிழைதான் இதற்குக் காரணம் என்று தெரிந்து, 2021 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் சாலிடரி ஃபைப்ரஸ் டியூமர் என்று ஆகிவிட்டது. எங்களுக்குப் படத்தில் அதன் அடையாளம் வேறு. மெனிஞ்சியோமா பக்கத்து எலும்பைத் தடிக்கவைக்கும், உள்ளே சுண்ணாம்பு படியும். இது எலும்பை அரிக்கும், சுண்ணாம்பு இருக்காது. எம்.ஆர்.ஐ.யில் கட்டிக்குள் கறுப்பு நெளிவுகள் தெரியும். வேகமாக ரத்தம் ஓடும் குழாய்கள் அவை. இதை எடுத்த பிறகும் விடக்கூடாது. பத்து வருஷம் கழித்துக்கூடத் திரும்ப வரும். எலும்புக்கும் நுரையீரலுக்கும் போகும். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று ஊருக்குப் போனவர்கள் சும்மா இருக்கும்போது எதற்கு ஸ்கேன் என்று வராமலே இருந்துவிடுவார்கள். அப்படி வராதவர்களில் எத்தனை பேர் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

1994-ல் அக்கா மகனுக்கு ஒரு கண்ணில் நிழலாடியது. இருபத்து நாலு வயசு. "மாமா, இடது கண்ணில் திரை விழுந்த மாதிரி இருக்கு" என்றான். கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்காவது மூளையில் கட்டி இருந்ததா என்று கேட்டார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா, அக்கா, இவன். லிண்டாவ் 1926-ல் போட்ட முடிச்சு எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து நின்றது. ஃபான் ஹிப்பல் லிண்டாவ் வியாதி என்று பெயர். 36,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பார்கள். ஹெமாஞ்சியோபிளாஸ்டோமா வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இதுதான் அடி. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதற்கு முந்தின வருஷம்தான், 1993-ல், அதன் ஜீனைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த ஜீன் கெட்டுப்போனால், காற்று போதுமான அளவு இருந்தும் செல் மூச்சு முட்டுவதாக நினைத்துக்கொள்கிறது. ரத்தக்குழாய் வேண்டும், சிவப்பணு வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. செல் எப்படிக் காற்றை உணர்கிறது என்று கண்டவர்களுக்கு 2019-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அக்காவின் 17.5-க்கு அன்றைக்குத்தான் எனக்கு முழு விளக்கம் கிடைத்தது. இந்த வியாதிக்கு மாத்திரையும் 2021-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது, பெல்சுட்டிஃபான் என்று.

அம்மாவுக்கு இருந்தது இதுதான் என்றால் எனக்கும் பாதிக்குப் பாதி. யாரிடமும் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷினுக்குள் நானே படுத்தேன். எத்தனையோ பேரை, "ஆடாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிப் படுக்கவைத்த மேசை. அன்றைக்கு என்னைப் படுக்கவைத்த பையனும் அதையே சொன்னான். படம் சுத்தமாக இருந்தது. பிறகு ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டேன். கெட்டுப்போன அந்த ஜீன் என்னிடம் இல்லை. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னபோதுதான் இவ்வளவு நாள் பயந்துகொண்டிருந்தேன் என்று அவளுக்குத் தெரிந்தது.

அக்கா 2009-ல் போய்விட்டாள். சிறுநீரகத்தில் கட்டி. இந்த வியாதி சிறுநீரகத்திலும் வரும். நாங்கள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், வயிற்றைப் பார்க்கவில்லை. என்னால் அதைச் சாதாரணமாக எழுத முடியவில்லை.

அவள் மகனுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு இந்த வியாதி இல்லை. சின்னவனுக்கு இருக்கிறது. பத்தொன்பது வயது, சித்தூரில் காலேஜில் படிக்கிறான். வருஷம் ஒரு தடவை கண், தலையும் தண்டுவடமும் ஒரு எம்.ஆர்.ஐ., வயிறு ஒரு ஸ்கேன். கண்ணில் இரண்டு வருஷம் முன்பு கடுகளவு ஒன்று தெரிந்தது, லேசரில் சுட்டுவிட்டார்கள். பார்வை முழுசாக இருக்கிறது. போன மாதம் கூட்டிக்கொண்டு போனபோது புது டாக்டர், பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். 1982-ல் எடுத்த பிலிமைக் கவரோடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். விளக்குப் பெட்டி இப்போது எந்த அறையிலும் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டர். ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் வெளிச்சத்தில் பிடித்தேன். பேரன் வந்து தோளோடு ஒட்டி நின்றான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டிருந்ததால் வெளிச்சம் கூசியது, கையால் மறைத்துக்கொண்டு பார்த்தான்.

"எதுங்க தாத்தா பாட்டியோடது?" என்றான்.

கீழ்ப்பக்கம், பட்டாணி அளவு வெள்ளையை விரலால் காட்டினேன்.